அந்தோணியாரைச் சாய்க்க மாட்டேன்

சதுரங்கத்தில் ராஜாவைச் சாய்த்தால் கடலில் வள்ளம் கவிழும் என்று நான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்த எதையும் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. சிரிக்க வேண்டியவர்கள் இந்த இடத்திலேயே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு மேலே வேலை இருக்கிறது.

எங்கள் ஊர் உவரி. அப்பாவுக்கு வள்ளத்தில் தொழில். வீட்டில் இருந்த சதுரங்கச் செட்டு, கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சாமான். வாங்கிய வாரத்திலேயே கறுப்பு ராஜா கடற்கரை மணலுக்குள் போனார், திரும்பவில்லை. அவர் இடத்தில் கொஞ்ச நாள் ஒரு தீப்பெட்டி ஆண்டது. பிறகு சோடா மூடி. இரண்டுக்கும் ராஜ களை போதவில்லை. கடைசியில் அதே திருவிழாக் கடையில் வாங்கிய சின்ன அந்தோணியார் சுரூபத்தை அக்கா கொண்டுவந்து கட்டத்தில் வைத்தாள். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் ராணிக்குப் பக்கத்தில் கச்சிதமாகப் பொருந்தினார். வெள்ளைக் காய்களை எப்போதும் அக்கா எடுத்துக்கொள்வாள், என்னைவிட மூத்தவள், என்னைவிட நன்றாக ஆடுகிறவள் என்ற உரிமையில். ஆக, அந்தோணியார் எப்போதும் என் கட்சி.

அம்மா முதலில் ஏசினாள். பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டாள். சுரூபத்தைப் படுக்கவைக்கக் கூடாது, குதிரை யானைகளோடு டப்பாவில் போட்டுக் குலுக்கக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. தோற்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பலகையைக் கையால் ஒரு வாரு வாரிவிடுவேன். காய்கள் அடுப்படி வரை பறக்கும். யார் ஜெயித்தார்கள் என்பதற்கு அப்புறம் சாட்சி இருக்காது. ஒருநாள் அப்படி வாரியதில் அந்தோணியார் குப்புற விழுந்தார். அக்கா கண்ணை உருட்டினாள்.

"ஏலே, அந்தோணியாரச் சாச்சுட்டியே! அப்பா கடல்லல்லா இருக்காவ. இங்கன இவரு சாஞ்சா அங்கன வள்ளம் கவுந்திரும், தெரியுமா?"

அன்று பார்த்து அப்பா கரையேற நேரமாகிவிட்டது. நான் கரைக்கும் வீட்டுக்குமாக ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று காணாமல் போயிற்று. கடைசியில் வள்ளம் வந்தது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்றார் அப்பா. எஞ்சினாவது கோளாறாவது, எனக்குத் தெரியாதா! அன்றோடு பலகையை வாருவதை விட்டேன். தோற்றதும் அந்தோணியாரை இரண்டு கையாலும் எடுத்து, பூசையில் நன்மை வாங்குகிற பக்தியோடு அலமாரியில் கொண்டுபோய் வைப்பேன். அக்காவுக்குப் பரம நிம்மதி.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒருவனை அனுப்ப வேண்டும். விளையாட்டு சார் வகுப்புக்குள் வந்து, குதிரை எப்படிப் போகும் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஒருவன் "ஓடிப் போவும் சார்" என்றான். நான் எழுந்து சரியாகச் சொன்னேன். தேர்வு முடிந்துவிட்டது. அக்காவுக்கு வயது தாண்டியிருந்தது. இல்லாவிட்டால் நியாயமாக அவள் போயிருக்க வேண்டும், இந்தக் கதையும் நடந்திருக்காது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் மாமா, அம்மாவின் தம்பி. பாளையங்கோட்டையில் அவருக்கு ஒரு சிநேகிதர். அவருக்கென்று ஒரு பை நிறையக் கருவாடு எடுத்துக்கொண்டார். விடியுமுன் பேருந்து. நான் எழுந்தபோது அப்பாவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வழக்கம்போல் கடலுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

பேருந்து கிளம்பியதும் மாமா என் தொடையில் தட்டினார்.

"ஏலே மருமவனே, வாற வழியில உங்கப்பாவப் பாத்தேன். முக்கியமான சேதி, மறக்காம அவங்கிட்டச் சொல்லிருன்னாவ."

"என்ன சேதி மாமா?"

மாமா யோசித்தார். கண்ணை மூடி யோசித்தார். திசையன்விளை வருமுன் குறட்டை வந்துவிட்டது. திருநெல்வேலியில் இறங்கும்போது நான் மறுபடி கேட்டேன். "கெடக்கட்டும்லே, நெனவு வந்தாச் சொல்லுதேன்" என்றார்.

மண்டபத்தில் நீள நீளமாக மேசைகள். எல்லாம் மரக்காய்கள், பளபளவென்று. என் மேசையில் கறுப்பு ராஜா தலையில் சிலுவையோடு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று. சிலுவை வைத்தவர் வேறு யாராக இருக்க முடியும்?

மாமா கருவாட்டுப் பையை என் நாற்காலிக்கு அடியில் வைத்தார். "சேக்காளி வருவான், குடுத்துரு. நான் ஒரு டீயக் குடிச்சிட்டு வாறேன்" என்று போனார். மாமா குடிக்கப் போன டீ சாயங்காலம்தான் முடிந்தது. சேக்காளி வரவே இல்லை.

எதிரே வந்து உட்கார்ந்தவன் ஒரு கண்ணாடிக்காரன். ஆற்றங்கரைத் தெரு ஒன்றிலிருந்து வந்தவன். சட்டைப்பையில் இரண்டு பேனா. பின்னால் சுவரோரமாக அவன் அப்பா, கல்லூரி வாத்தியாராம், கையில் பால் பிளாஸ்கோடு நின்றார். பையன் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுருக்கினான்.

"என்ன நாத்தம் இது?"

"கருவாடு."

"அதை வெளியில கொண்டு வை."

சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் நல்லபடியாகக் கேட்டிருந்தால் ஒருவேளை கொண்டுபோய் வைத்திருப்பேன். இப்போது பையைக் காலால் தள்ளி மேசைக்கு நடுவில், அவன் முழங்காலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். மேலே ஆட்டம் தொடங்குமுன் கீழே நான் ஒரு காயை நகர்த்தியாகிவிட்டது.

நடுவர் வேறு ஏதோ பள்ளியின் விளையாட்டு சார் போல. கழுத்தில் விசில். அதை ஊதியதும் ஆட்டம் தொடங்கியது.

கண்ணாடிக்காரன் வெள்ளை. ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். எங்கள் வீட்டில் ஆட்டம் என்றால் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய்தான் முதலில் நகரும். அதுதான் ஆட்டத்தின் சட்டம் என்றே நினைத்திருந்தேன். ராணியின் சிப்பாயை முதலில் தள்ளலாம் என்று அக்கா சொல்லவே இல்லை. நடுவரைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். பக்கத்து மேசையிலும் ஒருவன் அப்படியே தள்ளினான். சரி, இந்த ஊரில் இப்படித்தான் போல என்று நானும் என் ராணியின் சிப்பாயைத் தள்ளி முட்டவிட்டேன்.

அடுத்து அவன் பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேராக வைத்தான். காவலுக்கு ஆள் இல்லை. சும்மா கிடக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தேன். பிளாஸ்க் மூடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். தூண்டிலில் இரை கோத்துப் பிழைக்கிற ஊர்க்காரன் நான். சும்மா கிடக்கிற தீனிக்குள் என்ன இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று மீன் நானாயிற்றே! கவ்வினேன்.

கவ்வினதோடு விட்டிருந்தாலாவது தப்பியிருப்பேன். கவ்வின சிப்பாயை அவன் திரும்பப் பிடித்துவிடக் கூடாது என்று அதற்குக் காவலாக இன்னொரு சிப்பாய், அந்தச் சிப்பாய்க்குக் காவலாக மற்றொரு சிப்பாய் என்று வரிசையாகக் கிளப்பினேன். அவன் அவசரப்படாமல் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினான். பிறகு ராணியை எடுத்துப் பைய இரண்டு கட்டம் தள்ளி வைத்தான். அங்கிருந்து ஒரு கோடு சாய்வாக, தடையே இல்லாமல் என் மூலை யானைக்கு ஓடியது. காவல் காத்த என் சிப்பாய்கள் எல்லாம் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. யானை போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் 'டொக்' என்று ஒரு சத்தம். தோற்றுப்போன பையன் தன் ராஜாவை ஒரே விரலால் தட்டிச் சாய்த்துவிட்டு எழுந்து போனான். ராஜா மேசையில் உருண்டு நின்றது. தொடர்ந்து பின்வரிசையில் ஒரு 'டொக்'. அந்தக் கோடியில் ஒன்று. மண்டபம் முழுக்க ராஜாக்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்! இந்தப் பயல்களின் அப்பாமார் எல்லாம் ஆபீசில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி கவிழ்ந்தால் இடுப்பு வலியோடு போகும். என் அப்பா நிற்பது எங்கே?

மாதாவுக்கும் சூசையப்பருக்கும் தனித்தனியாக நேர்ந்துகொண்டேன். அந்தோணியாருக்கு மட்டும் நேரவில்லை. ஆபத்தில் இருப்பவரிடமே எப்படி உதவி கேட்பது?

கொஞ்ச நேரத்தில் என்னிடம் மிஞ்சியது ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும். அவனோ ராணி ஒன்று போதாதென்று ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைக்கு நடத்திப்போய் இன்னொரு ராணியும் வாங்கிவிட்டான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தான்.

"நீ தோத்துட்டே. ராஜாவைச் சாச்சிரு."

"சாய்க்க மாட்டேன்."

"சாய்க்காம என்ன செய்யப் போறே?"

"ஆடுவேன்."

"எதை வச்சு ஆடுவே? ஒரு குதிரைய வச்சா?"

"ஒனக்கென்னலே? குதிர எனக்குள்ளது."

சுவரோரம் நின்ற அவன் அப்பா மெதுவாக வந்து என் பக்கம் குனிந்தார். நல்ல மனிதர்தான், குரலில் கோபமே இல்லை. "தம்பி, தோல்விய ஒத்துக்கிடுறதும் ஒரு மரியாதைதான் பாத்துக்கோ. பெரிய பெரிய ஆட்டக்காரங்கல்லாம் அப்படித்தான் செய்வாங்க."

பெரிய ஆட்டக்காரர்களின் அப்பாமாருக்கு வள்ளம் உண்டா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "சாய்க்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். நடுவரும் வந்தார். நேரமாகுது தம்பி என்றார். அவரிடமும் அதையேதான் சொன்னேன். மண்டபத்தில் மற்ற மேசைகள் எல்லாம் காலியாகிவிட்டன. தோற்றவன், ஜெயித்தவன் எல்லோரும் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "கடக்கரைக்காரப் பய, பிடிச்சா விடமாட்டான்" என்று எவனோ சிரித்தான். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

என் முறை. குதிரையை அவன் ராணி குறிவைத்திருந்தது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு இடம் இருந்தது, நானும் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கையை நீட்டப் போகிற சமயம் கண்ணாடிக்காரனின் பொறுமை தீர்ந்துவிட்டது.

"சாய்க்கத் தெரியலன்னா நான் காட்டித் தாறேன்" என்று, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகை விரலை என் ராஜாவின் தலைக்கு நேராக நீட்டினான்.

நான் பாய்ந்து ராஜாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"எங்கப்பாவத் தொடாதலே!"

நடுவர் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைக்கு அடியிலும் ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"யாருப்பா உங்கப்பா? எங்க இருக்காரு?"

"கடல்ல" என்றேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. ராஜாவை மட்டும் விடவில்லை.

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. எதிராளியின் காயில் கைவைக்கக் கூடாது என்று கண்ணாடிக்காரனை முதலில் கண்டித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் உன் ராஜாவத் தொட்டுட்டே. இது உன் முறை. தொட்ட காயைத்தான் நகத்தணும். குதிரைய இனி எடுக்க முடியாது" என்றார்.

ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினேன். அடுத்த வினாடி குதிரை போயிற்று. போகட்டும். எனக்குக் குதிரையா முக்கியம்?

அதற்குப் பிறகு நடந்தது துரத்தல். பலகையில் எனக்கு இருந்தது அந்த ஒரே ஆள். இரண்டு ராணிகள் துரத்த, நான் கட்டம் கட்டமாக ஓடினேன். ஒவ்வொரு முறையும் ராஜாவை இரண்டு கையாலும் தூக்கி, இரண்டு கையாலும் வைத்தேன். கண்ணாடிக்காரன் இப்போது யோசிப்பதையே விட்டுவிட்டான். கருவாடு வெயிலுக்கு நன்றாக மணக்கத் தொடங்கியிருந்தது. எப்போது முடியும், எப்போது எழுந்து ஓடலாம் என்பது ஒன்றே அவன் முகத்தில் இருந்தது. நான் காலால் பையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினேன். ராஜா கடைசியில் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. என் யானை செத்த அதே மூலை. அவன் ராணியைப் படக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

பார்த்தேன். முன்னால் போனால் ராணி. பக்கத்தில் போனால் ராணி. குறுக்கே போனாலும் ராணி. போக இடமே இல்லை. முடிந்தது. இனி யாராவது தட்டிச் சாய்ப்பார்கள். மேசை மேல் கவிழ்ந்து, ராஜாவைச் சுற்றிக் கையால் வேலி கட்டிக்கொண்டேன்.

"போவ எடமில்ல சார்" என்று அழுதேன். "ஆனா சாய்க்க விடமாட்டேன்."

நடுவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இடமில்ல, சரி. ஆனா செக் இருக்கா?"

கண்ணாடிக்காரன் திரும்பிப் பார்த்தான். மூக்கிலிருந்து கைக்குட்டை விழுந்தது. ராணி என் ராஜாவின் எல்லாப் பக்கத்தையும் அடைத்திருந்தது, ராஜாவை மட்டும் தொடவில்லை. நகர்த்த எனக்கு வேறு காயும் இல்லை. அந்தக் குதிரை இருந்திருந்தால் அதை எங்காவது நகர்த்தித் தொலைத்திருப்பேன், அடுத்த நகர்த்தலில் செத்திருப்பேன்.

"செக் இல்லாம நகர வழியில்லன்னா டிரா" என்றார் நடுவர். "ஆளுக்கு அரைப் புள்ளி."

கல்லூரி வாத்தியார் ஏதோ வாதாடிப் பார்த்தார். நடுவர் தலையை ஆட்டிவிட்டார். எனக்கு டிரா என்றால் என்னவென்று தெரியாது. "அப்ப ராஜாவச் சாய்க்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"யாரும் சாய்க்க வேண்டாம். அப்படியே நிக்கட்டும்."

மீதிச் சுற்றுகளில் மளமளவென்று தோற்றேன். ஒவ்வொரு முறையும் ராஜாவை நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துக்கொண்டுபோய் நடுவர் கையில் ஒப்படைத்தேன். மூன்றாவது தடவை அவர் என்னைக் கண்டதுமே கையை நீட்டிவிட்டார்.

சாயங்காலம் மாமா வந்தார். திரும்பும் பேருந்தில் பாதி வழியில் திடீரென்று துள்ளி உட்கார்ந்தார். "ஆங், நெனவு வந்துட்டுலே!" என்றார். நான் திரும்பினேன். "கருவாட்டுப் பைய எங்கலே?" என்றார். பை அந்த மேசைக்கு அடியிலேயே இருந்தது. அந்த மண்டபத்தில் அடுத்து என்ன நிகழ்ச்சி நடந்ததோ, அவர்களைக் கர்த்தர் காப்பாராக.

உவரியில் இறங்கியதும் நேராகக் கரைக்கு ஓடினேன். ஊர் வள்ளங்கள் எல்லாம் வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால், மணலில், எங்கள் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது.

கத்தினேன் என்று நினைக்கிறேன். வள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து அப்பா எழுந்து வந்தார், தலைமுடியெல்லாம் மணலோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"ஏலே, ஏன்லே கத்துதே? தோத்துட்டியா?"

நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சொல்லத் தேவையே இல்லை, எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணாடிக்காரன் விரலை நீட்டிய அந்த நேரம் வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. நான் பாய்ந்து பிடித்த அந்த நேரம் அப்பா கரையேறியிருக்கிறார். "சாய்க்க விடலப்பா" என்றேன். அப்பா என் தலையைத் தடவினார். "அப்படித்தாம்லே இருக்கணும்" என்றார். அப்பாவை நடுக்கடலிலிருந்து மீட்டவன் என்ற மிதப்பில் நான் பல வருடம் அந்த ஊரில் நடந்திருக்கிறேன். இன்றும் என் வீட்டுப் பலகையில் யாராவது ராஜாவைச் சாய்த்தால் நான் நிமிர்த்தி வைப்பேன். மனைவியும் பிள்ளைகளும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் மகனுக்கு நான் செட்டு வாங்கிக் கொடுத்த அன்றுதான் அக்கா வாய் திறந்தாள். நடந்தது இவ்வளவுதான். நான் போட்டிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், அவள் தன் பொய்யை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இவன் அங்கே எப்படியும் தோற்பான், யாராவது ராஜாவைச் சாய்ப்பார்கள், இவன் பயந்தே செத்துப்போவான் என்று. மறுநாள் நல்ல காற்று, நல்ல மீன்பாடு, ஊரே கடலுக்குப் போனது. அப்பா போகவில்லை. விடியுமுன் கரைக்குப் போய், நான்கு பேரைப் பிடித்து வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதன் நிழலில் படுத்துவிட்டார். போகிற வழியில் மாமாவைப் பார்த்து, "வள்ளத்தக் கரையிலயே கவுத்துப் போட்டுருதேன்னு அவங்கிட்டச் சொல்லிரு, பயப்படாமத் தோத்துட்டு வரட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாமா மறந்துவிட்டார்.